சனது எங்கே? தென்காசிச் சீமையின் வரைபடங்களும் ஆவணங்களும்

தென்காசி என்றதும் நம் நெஞ்சில் எழுவது வானளாவிய கோபுரம். குற்றாலம் என்றதும் மேனி சிலிர்ப்பது ஆனி, ஆடித் திங்கள்களின் சாரலால். இவ்விரண்டின் புகழையும் புலவர் பெருமக்கள் போதிய அளவு பாடிவிட்டனர். பாடப்பெறாத மூன்றாவது செல்வம் ஒன்றும் இச்சீமைக்கு உண்டு. அது காகிதச் செல்வம். இந்நாட்டை அளந்தோர் வரைந்த படங்கள், அவற்றோடு எழுதி வைத்த குறிப்பேடுகள், நிலவரிக் கணக்குகள், மானியப் பதிவேடுகள், எல்லை வழக்குகளின் கட்டுகள் என அது பலவகைப்படும். அச்செல்வத்தில் பெரும்பகுதி இன்று சென்னை எழும்பூரிலும், திருவனந்தபுரத்திலும், கடல் கடந்து இலண்டனிலும் உள்ள காப்பகங்களில் உறங்குகின்றது. எஞ்சிய பகுதி நம் வீட்டுப் பரண்களில் செல்லுக்கும் பூச்சிக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றது.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்ட பழைய வரைபடத்தின் முன் நிற்போர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒன்று, வியந்து கடந்து செல்கின்றனர். அல்லது, அதில் கண்டதே முடிந்த உண்மை எனக் கொள்கின்றனர். கவிதையைத் திறனாய்வு செய்யும் நாம் வரைபடத்தைத் திறனாய்வு செய்வதில்லை. வரைபடமும் ஒருவர் இன்னொருவருக்காக ஒரு நோக்கத்தோடு எழுதிய நூலே. அந்நூலை எடைபோட நம்மிடம் நெடுநாளாகவே ஒரு தராசு இருக்கின்றது என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட முயல்கின்றேன்.

ஹதீஸ் கலை கற்ற பெரியோர் ஓர் அறிவிப்பை இரு கூறாகப் பிரித்து ஆராய்வர். சொல்லப்பட்ட செய்தி ஒன்று. அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்னும் அறிவிப்பாளர் தொடர் மற்றொன்று. அத்தொடருக்குச் ‘சனது’ என்று பெயர். செய்தி எத்துணை அழகாயினும் தொடர் அறுந்திருப்பின் அதன் தரம் தாழ்ந்துவிடும். இனி, நம் ஊர்களில் பாட்டனார் காலத்துப் பேச்சை நினைவுகூருங்கள். நிலமோ மானியமோ அரசு வழங்கியதற்கான பத்திரத்தையும் ‘சனது’ என்றே அவர்கள் அழைத்தனர். இரண்டும் ஒரே அரபுச் சொல்லே. ஊன்றி நிற்கத் துணையாவது எதுவோ அதுவே சனது. மார்க்கக் கல்வியிலும் நிலவரிக் கச்சேரியிலும் ஒரே சொல் வழங்கியது தற்செயல் அன்று; ஆதாரம் இன்றி எதுவும் நிலைக்காது என்னும் ஒரே உணர்வே இரண்டிற்கும் அடிப்படை.

இத்தராசில் முதலில் கும்பினியார் காலத்து அளவைப் படங்களை வைத்துப் பார்ப்போம். 1794ஆம் ஆண்டில் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அனாதை இல்லத்துச் சிறுவர்களைச் சேர்த்து அவர்களுக்கு அளவைக் கலை பயிற்றப்பட்டது. அப்பள்ளியில் பயின்ற தாமஸ் டர்ன்புல் என்பவரே 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையை அளந்தவர். அதே காலத்தில் வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, தெற்கு நோக்கி நகர்ந்து 1809இல் குமரிமுனைப் பக்கம் வந்து சேர்ந்தது. சமவெளியில் மரங்கள் பார்வையை மறைத்தமையால் கோயில் கோபுரங்களின் மீது கருவியை ஏற்றிப் பார்க்க வேண்டியதாயிற்று. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவ்வாறு ஏற்றும்போது கயிறு அறுந்து அப்பெருங்கருவி மோதிச் சேதமுற்றதும், லாம்டன் அதைத் தம் கையாலேயே செப்பனிட்டதும் அளவை வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சிகள்.

இம்மனிதர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடல் நன்றி மறத்தலாகும். காய்ச்சலுக்கும் காட்டுக்கும் அஞ்சாது, மலையேறி, சங்கிலி இழுத்து, கோணம் கணித்து அவர்கள் வரைந்தவை இன்றும் பயன் தருகின்றன. ஆயினும் தராசில் வைத்தபின் முகத்துக்காகக் கூட்டிச் சொல்லல் ஆகாது. அவர்கள் அளந்ததன் நோக்கம் என்ன? வரி விதிக்க வேண்டிய நிலம் எவ்வளவு, படை செல்லத்தக்க பாதை எது, நீர் தரும் ஏரி குளங்கள் எங்கே, கோட்டை எங்கே, மலைக்கணவாய் எங்கே என்பவையே ஏவியவர்களின் கேள்விகள். கேள்வி எவ்வழியோ விடையும் அவ்வழியே செல்லும். ஆகவே நன்செய் நிலமும் குளக்கரையும் படத்தில் தெளிவாக நிற்க, பளியர் தேனெடுக்கச் சென்ற ஒற்றையடிப் பாதையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். குறிப்பேட்டில் தறிகளின் எண்ணிக்கை வரலாம். நெய்தவன் பெயர் வராது. கடையநல்லூரிலும் சுற்றூர்களிலும் தறியை நம்பி வாழ்ந்த நம் மக்களுக்கு அந்த வேறுபாடு சிறிதன்று.

அவ்விடத்தில்தான் சனது அறுகின்றது. மலையின் பெயரை அளவையாளருக்குச் சொன்னவர் யார்? ஊர் எல்லைக் கல்லைக் காட்டிய வெட்டியான் யார்? கணக்கை எடுத்து வாசித்த கர்ணம் யார்? அவர்கள் பெயர்கள் படத்தில் இல்லை. கேட்டவர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டமையால் திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆயிற்று. குற்றாலம் ‘கோர்டாலம்’ ஆயிற்று. செங்கோட்டை ‘ஷென்கோட்டா’ ஆயிற்று. இஃது ஒலிப்பிழை மட்டுமன்று. நம் ஊரின் ஆவணத்தைத் தேடிக் காப்பகம் செல்லும் இளைஞன் சரியான பெயரைச் சொல்லியும், “அப்படி ஓர் ஊர் அட்டவணையில் இல்லை” என்னும் விடையைப் பெற்றுத் திரும்ப நேர்கின்றது. பிழையான பெயரை அறிந்தவனுக்கே தன் ஊரின் கதவு திறக்கும் என்பது என்ன விந்தை!

குற்றாலத்தையே எடுத்துக்கொண்டு மூவகைச் சாட்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். சிற்றப்பனும் மகனுமாக இந்தியாவைச் சுற்றிய டேனியல் ஓவியர் இருவர் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்து இவ்வருவியையும் பாபநாச அருவியையும் வரைந்தனர். அவர்களின் ஓவியம் அழகை நாடிற்று; மனிதர்கள் அதில் அருவியின் உயரத்தைக் காட்டும் சிற்றுருவங்களே. அடுத்து வந்தது கும்பினியின் கண். குளிர்ந்த இம்மலையடிவாரத்தில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை விளையுமா எனக் கண்ட அக்கண் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டங்களை உண்டாக்கியது. வெள்ளை அதிகாரிகள் கோடையில் தங்கி இளைப்பாறும் இடமாகவும் ஊரை மாற்றியது. இவ்விரண்டிற்கும் முன்பே திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி இம்மலையைப் பாடிவிட்டது. அதில் மலைவளம் சொல்பவள் ஒரு குறத்தி. அவள் அம்மலையை வெளியிலிருந்து பார்ப்பவள் அல்லள், அதிலேயே பிறந்தவள். எந்த மலை எந்த மலைக்கு உறவு என்பதும், தான் குறி சொல்லி வந்த நாடுகள் எவை என்பதும் அவள் வாய்மொழியில் வருகின்றன. அந்நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது. ஒரு பாட்டு நிலப்பெயராகிவிட்டது. அப்பெயரே ஓர் ஆவணமாகிவிட்டது.

இம்மூன்றில் எது உண்மையான குற்றாலம் என்று கேட்பது பேதைமை. தூரத்திற்கு அளவையாளனும், ஒளிநிழலுக்கு ஓவியனும், வாழ்வுக்குக் குறத்தியும் சாட்சிகள். ஒருவரைக் கொண்டு மற்றவரை வாயடைப்பதே தவறு. அருங்காட்சியகத்தில் வரைபடம் தனித்துத் தொங்கும்போது அத்தவறு நிகழ்ந்துவிடுகின்றது.

வரைபடக் கோடு மனிதர் வாழ்வை எப்படி அறுத்துப் போடும் என்பதைக் காண வேறெங்கும் போக வேண்டியதில்லை. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள செங்கோட்டைக்குச் சென்றால் போதும். செங்கோட்டை திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தபோது செங்கோட்டையும் அவ்வளவையில் அடங்கியது. ஆகவே அருகருகே இருந்த தென்காசியும் செங்கோட்டையும் வெவ்வேறு கட்டுகளில், வெவ்வேறு அரசுகளின் காகிதங்களில் பதிவாயின. 1904இல் கணவாய் வழியே கொல்லத்திற்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது; சரக்கும் உறவும் எல்லையைப் பாராமல் போய்வந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி திருத்தப்பட்டபோது செங்கோட்டைத் தாலுகா முழுமையாக வந்து சேரவில்லை. ஆரியங்காவு உள்ளிட்ட மேற்குப் பகுதி கேரளத்தில் நின்றது. கீழ்ப்பகுதி நம்மிடம் வந்தது. திருவிதாங்கூரின் சங்கு முத்திரை தாங்கிய வளைவு செங்கோட்டையில் இன்றும் நின்று பழைய கதையைச் சொல்கின்றது.

நிலம் மாறிற்று, காகிதம் உடன் வந்ததா? செங்கோட்டைக் குடும்பங்களின் பழைய பத்திரங்களில் சங்கு முத்திரையும், சக்கரக் கணக்கும், தண்டப்பேர் எண்ணும், மலையாள எழுத்தும் காணப்படும். அவற்றின் மூலப்பதிவைத் தேடுவோர் திருவனந்தபுரம் செல்ல வேண்டும். அங்கே சென்றால் மலையாளம் வாசிக்கத் தெரிய வேண்டும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத்துக்குப் புதிய வரைபடம் வந்தது மகிழ்ச்சியே. ஆனால் அதன் பழைய நினைவு முழுதும் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்றும் ‘திருவிதாங்கூர் சமஸ்தானம்’ என்றும் தலைப்பிட்ட கட்டுகளில்தான் கிடக்கின்றது என்பதை மறக்கலாகாது.

வரைபடத்துக்குச் சொன்னது எழுத்து ஆவணத்துக்கும் பொருந்தும். இச்சீமையின் 18ஆம் நூற்றாண்டை எழுத முனைவோர் கான்சாகிபு என்னும் யூசுப்கானைத் தவிர்க்க இயலாது. இராமநாதபுரச் சீமையில் பிறந்து, கும்பினிப் படையில் உயர்ந்து, மதுரையையும் நெல்லையையும் நிருவகித்து, 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலைக் கைப்பற்றி, பின்னர் அதே கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் அவர். 1914இல் எஸ். சி. ஹில் என்பவர் ஆவணங்களை ஆராய்ந்து அவரைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். உழைத்துச் செய்த நூல் அது. தலைவனின் திறமையை மறைக்காத நூலுங்கூட. ஆனால் நூலின் தலைப்பிலேயே அவர் ‘கலகக்காரத் தளபதி’ ஆகிவிட்டார்! யாருடைய காகிதங்களைக் கொண்டு எழுதினாரோ அவர்களுடைய சொல்லே தலைப்பில் ஏறி அமர்ந்துகொண்டது. இதற்கு மறுசாட்சியாக ‘கான்சாகிபு சண்டை’ என்னும் நாட்டுப்புறக் கதைப்பாடல் மக்கள் நாவில் வாழ்ந்தது, நா. வானமாமலை அதைப் பதிப்பிக்க, 1972இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கதைப்பாடல் தேதிகளில் தடுமாறலாம். கும்பினிக் கடிதம் நியாயத்தில் தடுமாறலாம். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பவனே வரலாற்றாசிரியன்.

பூலித்தேவர் பக்கத்து நியாயத்துக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கான்சாகிபு நம்மவர் என்பதால் அவர் படையெடுப்பால் நெற்கட்டுஞ்செவலும் வாசுதேவநல்லூரும் பட்ட பாட்டை மறைத்தால், நாமும் கும்பினியின் எழுத்தர் செய்ததையே செய்தவர்களாவோம்.

அவ்வாறாயின், பழைய வரைபடத்தையும் ஆவணத்தையும் காட்சிக்கு வைப்போரிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன? குற்றாலத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உண்டு. ஆண்டுதோறும் அருவியாட வரும் பெருங்கூட்டத்தில் ஒரு பகுதியாயினும் எட்டிப் பார்க்கத்தக்க இடம் அது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இலண்டனிலும் உள்ள இச்சீமைப் படங்களின் நற்படிகளை வரவழைத்து இத்தகைய இடத்தில் வைப்பது இக்காலத்தில் பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. ஆனால் வைக்கும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கு செய்திகள் தமிழில் வேண்டும். யார் வரைந்தது, யாருக்காக வரைந்தது, எதைக் காட்டாமல் விட்டது, இதற்கு மறுசாட்சி எங்கே கிடைக்கும் என்பவையே அவை. பிழைபட்ட ஊர்ப்பெயர்களுக்கு எதிரே சரியான தமிழ்ப் பெயர்களின் அட்டவணையும் வேண்டும். இந்நான்கும் இல்லாத வரைபடம் சுவருக்கு அலங்காரமாகலாம்; மக்களுக்கு அறிவாகாது.

அரசைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? மறுசாட்சி பெரும்பாலும் நம்மிடமே இருக்கின்றது. தென்காசி மண் பீர் முஹம்மது அப்பா அவர்களை ஈன்ற மண். பொட்டல்புதூர் தர்காவில் சமய வேறுபாடின்றி மக்கள் கூடும் சீமை இது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூர் சென்ற நம்மவர்கள் அங்கே சங்கம் கண்டனர். 1941இல் தோன்றிய கடையநல்லூர் முஸ்லிம் லீக், உமறுப்புலவர் பெயரால் தமிழ்ப்பள்ளியும் நடத்திற்று. இத்தகைய வாழ்வு காகிதம் இன்றி நடந்திருக்க இயலாது. கப்பல் சீட்டு, அக்கரையிலிருந்து வந்த கடிதம், அரபுத்தமிழில் எழுதிய வரவுசெலவு, நிக்காஹ் பதிவு, பாகப்பிரிவினைப் பத்திரம், கோட்டை விதைப்பாட்டில் அளவு சொல்லும் நிலச் சாசனம் என எத்தனை எத்தனை! அரசின் வரைபடம் விட்டுவிட்ட பெயர்கள் எல்லாம் இவற்றில் இருக்கின்றன. வீட்டிலிருந்த பெண்மக்களின் பெயர்களும் இவற்றில்தான் இருக்கின்றன. பங்கு பெற்றவர் பட்டியலில் அவர்கள் வராமல் இருப்பதில்லை.

இதில் வெறும் பழம்பெருமை மட்டும் அடங்கவில்லை. 1858இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் கமிஷன் பள்ளிவாசல், தர்கா மானியங்கள் உட்பட ஒவ்வோர் இனாமையும் விசாரித்தது. வழங்கியவர் யார், எந்த ஆண்டு, எழுத்து ஆதாரம் உண்டா என்று கேட்டுப் பதிவேட்டின் பத்திகளை நிரப்பியது. அன்று சனதை எடுத்து நீட்டியவருக்கு அப்பத்தி நிறைந்தது. நீட்ட இயலாதவர் அனுபோகத்தையும் அயலார் வாய்மொழியையும் நம்பி நின்றார். இன்று 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்திற்குப் பின் வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களை மத்திய அரசின் இணையத் தளத்தில் பதிவேற்ற வேண்டிய நிலை வந்துள்ளது. அச்சட்டத்தின் நியாய அநியாயங்கள் வேறு விவாதம். அதை இங்கே எடுக்கவில்லை. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்வியை மீண்டும் ஒருவர் கேட்கின்றார் என்பது தெளிவு. ‘சனது எங்கே?’ என்பதே அக்கேள்வி. தன் ஊர்ப் பள்ளிவாசலின் இனாம் பதிவேட்டுப் படி எழும்பூரில் கிடைக்கக்கூடும் என்பதை அறியாத முத்தவல்லி, கையில் விளக்கிருந்தும் இருளில் தடவுபவரே.

ஆகவே சில எளிய செயல்களைக் குடும்பத்தார் முன் வைக்கின்றேன். பழைய பத்திரத்தைப் பிளாஸ்டிக் தாளுக்குள் சூடாக்கி ஒட்டாதீர்கள். கிழிசலில் ஒட்டுநாடாவும் வேண்டா. மடிப்பை மெல்லப் பிரித்து, தட்டையாக வைத்து, தூய பருத்தித் துணியில் பொதிந்து ஈரம் புகாத இடத்தில் வையுங்கள். சாரல் மாதங்களில் அடிக்கடி திறந்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் இருபுறமும் படமெடுத்து இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். தேதி புரியாமல் திகைக்க வேண்டா. இச்சீமைப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு மிகுதி. ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை எழுதப்பட்டதாயின் அதனோடு 824ஐயும், அதன்பின் ஆடி வரை எழுதப்பட்டதாயின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1075 தை மாதம் என்றால் அது 1900. எல்லாவற்றிலும் முக்கியமாக, இக்காகிதம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். அதுவே அக்காகிதத்தின் அறிவிப்பாளர் தொடர். மூத்தவர் கண் மூடினால் அத்தொடர் அறுந்துவிடும். பின்பு எந்தக் காப்பகத்தாலும் அதை முடிச்சிட இயலாது.

தனிமனிதரால் என்ன ஆகும் என்று மலைக்க வேண்டா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் ஒருவர் பிறர் பழையன என்று கழித்த நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகளைக் கொண்ட அத்தொகுப்பே அவர் மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. தென்காசியிலோ கடையநல்லூரிலோ பத்துக் குடும்பங்கள் மனம் வைத்து ஒரு பள்ளிக்கூட அறையில் படிகளைச் சேர்த்தாலும், அரசு வரைபடத்துக்கு எதிரே நிறுத்தத்தக்க இரண்டாவது சாட்சி பிறந்துவிடும்.

எழுதி வைப்பதை நமக்குக் கற்பித்தவர் பிறரல்லர். திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை அன்பர்கள் அறிவார்கள். தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதன்று. தவணை குறித்த கடனை நேர்மையாக எழுதிக்கொள்வதையும், சாட்சிகளை நிறுத்துவதையும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதிருப்பதையும் பற்றியது அது. அவ்வசனத்தை ஓதிக்கொண்டே ஆவணத்தைக் கரையானுக்குக் கொடுப்பது நமக்கு அழகாமோ?

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கல்லில் ஒரு வேண்டுகோளைப் பொறித்துச் சென்றான். பிற்காலத்தில் இதற்குக் குறை நேர்ந்து, அதை யார் சீர்செய்கின்றாரோ அவர் அடியில் தான் இப்போதே வீழ்ந்து வணங்குவதாக அம்மன்னன் கூறுகின்றான். கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது; 1990இல் அது மீண்டும் எழுந்தது. எழச் செய்தவற்றுள் அக்கல்லெழுத்தும் ஒன்று. முகமறியாத வருங்காலத்தாரை நம்பி எழுதப்படுவதே ஆவணம். நம் பாட்டனார் பெட்டியில் மடித்து வைத்த காகிதமும் அத்தகைய நம்பிக்கையே. அதைப் பிரித்துப் பார்க்கும் கை நம்முடையதாக இருக்கட்டும்.